அடைப்புக்குறிக்குள் ஒரு பட்டாளம்

1971 டிசம்பர் முதல் வாரத்தில், பஞ்சாபின் ஃபாஸில்காவை ஒட்டிய எல்லையில், பாகிஸ்தானின் 6-ஆவது ஃபிரான்டியர் ஃபோர்ஸ் பட்டாலியன் இந்தியப் படைகளோடு மோதியது. கைகலப்பு வரை போன கடும் சண்டை. அந்தப் பட்டாலியனின் மேஜர் ஷபீர் ஷரீஃப் டிசம்பர் 6 அன்று அங்கேயே இறந்தார். பாகிஸ்தானின் மிக உயர்ந்த வீர விருதான நிஷான்-ஏ-ஹைதர் அவருக்கு வழங்கப்பட்டது. அந்த நாட்களில் டெல்லியிலிருந்து இந்தியத் தரைப்படையை நடத்திக்கொண்டிருந்தவர் ஜெனரல் சாம் மானெக்‌ஷா. அவர் இளம் அதிகாரியாகச் சேர்ந்து, வளர்ந்து, வயிற்றில் குண்டு வாங்கியதும் இதே பட்டாலியனில்தான். பிரிவினைக்கு முன் அதன் பெயர் 12-ஆவது ஃபிரான்டியர் ஃபோர்ஸ் ரெஜிமெண்டின் 4-ஆவது பட்டாலியன்.

ஒரு தளபதி தன்னை ஆளாக்கிய பட்டாளத்துக்கு எதிராகப் போர் நடத்துகிறார். அதில் துரோகம் எதுவும் இல்லை. அவர் அதை விட்டு ஓடிவரவில்லை. அதுவும் அவரைத் துரத்தவில்லை. நடுவில் ஒரு எல்லைக்கோடு விழுந்தது, அவ்வளவுதான். பட்டாளம் மாறுவது என்றால் என்ன என்று யோசிக்கும்போதெல்லாம் என் மனம் இந்த இடத்துக்கே வந்து நிற்கிறது.

மானெக்‌ஷா டேராடூன் இந்திய ராணுவ அகாடமியின் முதல் அணியைச் சேர்ந்தவர். பயிற்சி முடித்த இந்திய அதிகாரி சில காலம் பிரிட்டிஷ் பட்டாலியன் ஒன்றோடு இருந்துவிட்டுத்தான் தன் சொந்த ரெஜிமெண்டுக்கு வரவேண்டும் என்பது அன்றைய வழக்கம். அவரும் ராயல் ஸ்காட்ஸோடு இருந்துவிட்டு ஃபிரான்டியர் ஃபோர்ஸுக்கு வந்தார். 1942 பிப்ரவரி 22 அன்று பர்மாவில், சிட்டாங் பாலத்தருகே, எந்திரத் துப்பாக்கிக் குண்டுகள் அவர் வயிற்றைத் துளைத்தன. பிழைக்கமாட்டார் என்று நினைத்த மேலதிகாரி கோவன், இறந்தவருக்கு மிலிட்டரி கிராஸ் கொடுக்க முடியாது என்பதால் தன் சட்டையிலிருந்த ரிப்பனையே கழற்றி அவருக்குக் குத்தினார் என்பது பட்டாளத்தில் எல்லோருக்கும் தெரிந்த கதை. அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது ஷேர் சிங் என்ற பெயர். குற்றுயிராகக் கிடந்தவரைத் தூக்கிச் சுமந்து மருத்துவரிடம் சேர்த்த ஆர்டர்லி அவர். அதே பட்டாலியனின் சிப்பாய். ஒரு மனிதன் ஒரு பட்டாளத்துக்கு எவ்வளவு கடன்படலாமோ அவ்வளவு கடன் மானெக்‌ஷாவுக்கு அங்கே இருந்தது.

1947-இல் அந்த ரெஜிமெண்ட் முழுவதும் பாகிஸ்தானின் பங்குக்குப் போயிற்று. மானெக்‌ஷா இங்கே இருந்தார். 5-ஆவது கூர்க்கா ரைபிள்ஸின் ஒரு பட்டாலியனுக்குத் தலைமை தாங்க உத்தரவு வந்தது. காஷ்மீரில் போர் மூளவே, ராணுவ நடவடிக்கைப் பிரிவு அவரை டெல்லியிலேயே பிடித்து வைத்துக்கொண்டது. அந்தப் பட்டாலியனுக்கு அவர் போகவே இல்லை. 1953-இல் 8-ஆவது கூர்க்கா ரைபிள்ஸ் அவரைத் தன் கர்னலாக, அதாவது ரெஜிமெண்டின் குடும்பத் தலைவராக, ஏற்றுக்கொண்டது. ஆக, நாடு இன்றுவரை ஒரு கூர்க்காவாகவே நினைவில் வைத்திருக்கும் மனிதர், கூர்க்கா பட்டாலியன் எதையும் நடத்தியவர் அல்லர். சாய்த்து வைத்த கூர்க்கா தொப்பி அவருடைய இரண்டாவது வீட்டின் தொப்பி. சாம் பகதூர் என்ற பெயரும் அந்த வீட்டுச் சிப்பாய் ஒருவர் வாயிலிருந்து வந்ததுதான்.

அவருடைய கடைசி ஆண்டுகள் நம் நீலகிரியில், குன்னூரில் கழிந்தன. 2008 ஜூன் 27 அன்று வெலிங்டன் ராணுவ மருத்துவமனையில் இறந்தார். ஊட்டியில் பார்சிகளின் கல்லறைத் தோட்டத்தில் மனைவிக்கு அருகில் அடக்கம் செய்யப்பட்டார். அதே வெலிங்டனில்தான் மதராஸ் ரெஜிமெண்டின் பயிற்சி மையமும் இருக்கிறது. முதல் பட்டாளம் எப்படி ஒருவனுக்குள் இறங்குகிறது என்பதற்கு அந்த இடத்தையே எடுத்துக்கொள்கிறேன்.

ஆட்சேர்ப்பு முகாமில் ஓடித் தேறி வருகிற பையனுக்குப் பதினெட்டு, பத்தொன்பது வயது இருக்கும். தமிழ், மலையாளம், தெலுங்கு, கன்னடம் பேசுகிறவர்கள் ஒரே பாரக்கில் படுக்கிறார்கள். முதல் வாரத்தில் முடி போகிறது. இரண்டாம் வாரத்துக்குள் தூக்கம் எந்த நேரத்துக்கு உரியது என்பது உடம்புக்கே மறந்துபோகிறது. எப்படி நிற்பது, எப்படித் திரும்புவது, போர்வையை எத்தனை மடிப்பாக வைப்பது என்று உஸ்தாத் சொல்லிக்கொடுக்கும் எல்லாமே வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அற்பமாகத் தெரியும். உண்மையில் அங்கே வேறொன்று நடக்கிறது. ஒருவன் கால் வைக்கும் ஓசையில் இன்னொருவனுக்குக் கால் எழுகிறது. பக்கத்தில் இருப்பவன் மூச்சு வாங்கும் தொனியிலேயே அவனால் இன்னும் எவ்வளவு தூரம் ஓட முடியும் என்று தெரிகிறது. ‘வீர மதராசி, அடி கொல்லு’ என்ற போர்முழக்கத்தை முதல் நாள் கூச்சத்தோடு கத்திய தொண்டை, பயிற்சி முடிவதற்குள் வேறு தொண்டையாகிவிடுகிறது. கடைசியில் கசம் பரேடு. கொடியின் முன் உறுதிமொழி எடுத்து, அசாயே யானை பொறித்த இலச்சினையோடு வெளியே வருகிறான். 1803-இல் அசாயேயில் போரிட்ட மதராஸ் சிப்பாய்களுக்குக் கிடைத்த யானை அது. இருநூறு ஆண்டு தாண்டி ஒரு விவசாயி வீட்டுப் பையனின் இலச்சினையில் வந்து நிற்கிறது.

இங்கே அவனைக் கேட்டு எதுவும் நடப்பதில்லை. எந்த ரெஜிமெண்ட் என்பதைப் பெரும்பாலும் அவன் பிறந்த ஊரும் அந்த ஆண்டுக் காலியிடமும் தீர்மானிக்கின்றன. 2022-க்கு முன் சேர்ந்த காலாட்படைச் சிப்பாய் வழக்கமாக ஒரே பட்டாலியனில் இருந்தே பென்ஷன் வாங்குவான். மற்ற வேலைகளில் ஊர் மாறும், ஆபீஸ் மாறும், கூட வேலை செய்கிறவர்கள் மாறுவார்கள். இங்கே ஊர் மட்டும்தான் மாறும். ராஜஸ்தானுக்குப் போனாலும் அருணாச்சலத்துக்குப் போனாலும் அதே ஆட்கள். வேலூர்ப் பக்கம் கம்மவான்பேட்டை மாதிரி வீட்டுக்கு வீடு பட்டாளத்துக்காரர் உள்ள ஊர்களில் ஓய்வுபெற்றவரிடம் எங்கே இருந்தீர்கள் என்று கேட்டால், இடத்தின் பெயருக்கு முன்னால் யூனிட்டின் எண் வந்து விழும்.

நம்மிடம் இந்தப் பழக்கம் புதிதல்ல. திருவண்ணாமலை மாவட்டத்தில் செங்கம் வட்டாரத்துப் பல்லவர் கால நடுகற்களைப் பார்த்தால் தெரியும். அரசனின் ஆட்சியாண்டு, ஊரை ஆண்ட தலைவன், அவனுடைய சேவகன் இன்னான், ஆநிரை மீட்டுப் பட்டான் என்று கல் சொல்லும். செத்தவனின் பெயருக்கு முன்பே அவன் யாருடைய ஆள் என்பது பொறிக்கப்பட்டிருக்கும். அந்தச் சேவகன் முன்பு வேறொரு தலைவனிடம் இருந்தானா, எதற்காக மாறினான் என்பதற்குக் கல்லில் இடமில்லை. மாறியவர்கள் இருந்திருப்பார்கள். போர்வீரனை அவன் சாகும்போது இருந்த இடத்தை வைத்து மட்டுமே நினைவில் கொள்ளும் வழக்கம் அத்தனை பழையது.

மாறுகிறவன் மேல் நமக்கு ஒரு சந்தேகம் உண்டு. பட்டாளத்துக்குள்ளும் உண்டு. ‘இங்கே என்ன குறை?’ என்று கேட்காத பட்டாலியன் இருக்காது. மதராஸ் ரெஜிமெண்டின் இலச்சினை வாசகம் கீதையிலிருந்து எடுத்தது. தன் கடமையில் நின்று சாவதைப் போற்றுவது. பாராசூட் ரெஜிமெண்டுக்கு மனுப்போடுகிற மதராஸ் சிப்பாய்க்கு அந்த வாசகம் குறுக்கே வந்து நிற்காதா என்று நான் யோசித்ததுண்டு. நிற்கும் என்றுதான் தோன்றுகிறது. நின்றும் அவன் மனுப்போடுகிறான் என்பதுதான் கவனிக்க வேண்டியது. முதல் பட்டாளம் அவனுக்கு வாய்த்தது. இரண்டாவதை அவன் கேட்டுப் போகிறான். போகிற இடத்தில் என்ன வலிக்கும் என்று தெரிந்தே போகிறான். பதினெட்டு வயதில் தெரியாமல் கொடுத்ததை இருபத்துமூன்று வயதில் தெரிந்து கொடுப்பதை நான் குறைந்த விசுவாசமாக எண்ணமாட்டேன்.

பாராசூட் ரெஜிமெண்டுக்கு நேரடி ஆட்சேர்ப்பும் உண்டு. அதன் மையம் பெங்களூரில். அதோடு மற்ற ரெஜிமெண்டுகளிலிருந்து விருப்பத்தின் பேரில் வருகிறவர்களும் உண்டு. இப்படி வருகிறவன் நிலைமை விநோதமானது. அவன் ஏற்கெனவே சிப்பாய். கசம் பரேடு முடித்தவன், பனியில் காவல் இருந்தவன், தனக்குக் கீழே ஆட்களை வைத்திருந்தவனாகவும் இருக்கலாம். தகுதிகாண் காலம் என்று சொல்லி அவனை மறுபடி ரங்ரூட் ஆக்குகிறார்கள். மாதக்கணக்கில் தூக்கமில்லாத இரவுகள், முதுகில் சுமையோடு நெடுந்தூர ஓட்டம், எதிர்பாராத நேரத்தில் கேள்வி. முன்பு சேர்த்துவைத்த சீனியாரிட்டி அங்கே எதற்கும் உதவாது. தேறியவன் ஆக்ராவில் விமானத்திலிருந்து ஐந்து முறை குதிக்கவேண்டும். அதில் ஒன்று இரவில். அதற்குப் பிறகே மெரூன் தொப்பியும் இறக்கைச் சின்னமும் அவனுடையவை.

நன்றாகத் தெரிந்த ஒன்றைத் தெரியாதவனாக நின்று இன்னொரு முறை கற்றுக்கொள்வதற்கு உடல்பலம் மட்டும் போதாது. முதல் பயிற்சியில் அவமானம் எல்லோருக்கும் பொது, எல்லோருமே புதியவர்கள். இரண்டாம் பயிற்சியில் ஒவ்வொருவனும் தன் பழைய மதிப்பைத் தனியாக இறக்கிவைக்க வேண்டியிருக்கிறது. அதுதான் அங்கே நடக்கிற உண்மையான தேர்வு என்று நினைக்கிறேன்.

தேறாதவர்கள்தான் அதிகம். அவர்களைப் பழைய யூனிட்டுக்குத் திருப்பி அனுப்புவார்கள். அந்தத் திரும்பும் பயணத்தைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. சிறப்புப் படைகளைப் பற்றிய புத்தகங்கள், சினிமாக்கள் எல்லாம் தொப்பி வாங்கியவனோடு நடக்கின்றன. முழங்கால் விட்டுப்போய், அல்லது கடைசி வாரத்தில் காய்ச்சல் வந்து, பெட்டியைத் தூக்கிக்கொண்டு ரயிலேறுகிறவனை நான் நினைத்துக்கொள்கிறேன். பழைய பட்டாலியனில் அவன் கட்டிலில் வேறொருவன் படுத்திருப்பான். பழைய செக்‌ஷனில் அவன் இடத்தை வேறொருவன் எடுத்திருப்பான். அவன் பேசாமல் இருந்தால் தோல்வி என்பார்கள். பேசினால் சாக்கு என்பார்கள். ஆனால் அவன் வெறுங்கையோடு வருவதில்லை. தன் உடல் எந்த இடத்தில் நிற்கும் என்பதை அளந்து தெரிந்துகொண்டு வருகிறான். அது அந்தப் பட்டாலியனில் மிகச் சிலருக்கே தெரிந்த விஷயம். நல்ல சுபேதார் ஒருவர் இருந்தால் அவனை மறுவாரமே புதிய பையன்களுக்கு ஓட்டம் சொல்லித்தரப் போடுவார். அப்படிப்பட்ட சுபேதார்கள் எல்லா யூனிட்டுக்கும் வாய்க்கவேண்டும்.

தனியாளின் கதை இது. முழு பட்டாலியன்களே மாறியிருக்கின்றன. அந்த வரலாற்றில் நமக்கு நேரடிப் பங்கு உண்டு.

இந்தியாவின் சிறப்புப் படைகளில் மூத்தது 1 பாரா, அதாவது பாராசூட் ரெஜிமெண்டின் முதல் பட்டாலியன். 1965 ஆகஸ்டில் ஹாஜிபீர் கணவாயை மேஜர் ரஞ்சித் சிங் தயால் தலைமையில் ஏறிப் பிடித்த பட்டாலியன் அது. அது பிறந்த ஊர் திருச்சிராப்பள்ளி. 1761-இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் கடற்கரைச் சிப்பாய்களின் 8-ஆவது பட்டாலியனாக அங்கே எழுப்பப்பட்டது. பிறகு மதராஸ் காலாட்படையின் 7-ஆவது பட்டாலியன் என்று பெயர் பெற்றது. நூற்று நாற்பது ஆண்டுகள் தென்னிந்திய உடம்புகளால் நிறைந்திருந்த பட்டாளம் 1903-இல் 67-ஆவது பஞ்சாபிகள் என்று ஆயிற்று. அதற்கு முன்பே ஆட்களை மாற்றிவிட்டிருந்தார்கள். தென்னாட்டுச் சிப்பாய்களுக்குப் பதில் பஞ்சாபியர். 1880-களின் முதல் பாதியில் மதராஸ் படையின் தலைமைத் தளபதியாக இருந்த ராபர்ட்ஸ், தெற்கத்திய ஆட்கள் போருக்கு ஆகமாட்டார்கள் என்ற முடிவுக்கு வந்து, அதை அதிகாரத்தோடு பரப்பியவர். அவர் விதைத்ததைப் பின்னாளில் இந்தியப் படைகளின் தலைமைத் தளபதியான கிச்சனரின் சீர்திருத்தம் அறுவடை செய்தது. 1922-இல் அதே பட்டாலியன் 2-ஆவது பஞ்சாப் ரெஜிமெண்டின் முதல் பட்டாலியன் ஆனது, பிறகு பாராசூட் பட்டாலியன், 1978-இல் கமாண்டோ. பெயர் எத்தனையோ முறை மாறியும் வயதை 1761-இலிருந்தே எண்ணுகிறார்கள். அது சரிதான். ஆனால் அந்த முதல் நூற்று நாற்பது ஆண்டுகளில் அதற்கு உயிர் கொடுத்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு அந்தப் பட்டாளத்தின் கதவு ஒரு கோட்பாட்டால் மூடப்பட்டது. இது பட்டாளம் மாறியதல்ல. பட்டாளத்தை வைத்துக்கொண்டு ஆட்களை மட்டும் வெளியேற்றியது. இதைப் படிக்கும்போது எனக்கு இன்றும் கோபம் வருகிறது. திருச்சிக்காரர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும் என்று நினைத்தால் வருத்தமும்.

எழுபத்தாறு ஆண்டுகள் கழித்து வேறுவிதமான மாற்றம் ஒன்று நடந்தது. இந்த முறை அதன் பின்னால் ஒரு தமிழர் இருந்தார்.

கிருஷ்ணசாமி சுந்தர்ஜி செங்கல்பட்டில் பிறந்தவர். மஹர் ரெஜிமெண்டில் காலாட்படை அதிகாரியாகத் தொடங்கியவர். பிறகு டாங்கிப் படையினர் தங்கள் தனிச்சொத்தாகக் கருதிய 1-ஆவது கவச டிவிஷனுக்குத் தலைமை தாங்கினார். காலாட்படையிலிருந்து அந்த இடத்துக்குப் போனவர்கள் அதுவரை அரிது. டாங்கிகள் பாய்ந்து போகும் வேகத்துக்கு நடந்தும் லாரியிலும் வருகிற காலாட்படையால் ஈடுகொடுக்க முடியாது என்பதை அவர் இரண்டு பக்கமும் நின்று பார்த்திருந்தார். 1979-இல் இயந்திரமயக் காலாட்படை ரெஜிமெண்ட் உருவானது. அவரே அதன் முதல் கர்னல். புதிய ரெஜிமெண்டுக்குப் புதிதாக ஆளெடுக்கவில்லை. பழைய ரெஜிமெண்டுகளிலிருந்து பேர்பெற்ற பட்டாலியன்களை எடுத்தார்கள். முதல் எண்ணைப் பெற்றது மதராஸ் ரெஜிமெண்டின் முதல் பட்டாலியன். தன் பிறப்பை 1776-இல் வைத்து எண்ணுகிற பட்டாலியன் அது. ஜாட், கூர்க்கா, சீக்கியர், குமாவ், கட்வால், டோக்ரா என்று மற்ற ரெஜிமெண்டுகளின் பிள்ளைகளும் வந்தார்கள்.

பூட்ஸ் தேய நடந்து போரிட்டுப் பழகியவர்கள் பிஎம்பி என்ற கவச வண்டியின் இரும்புப் பெட்டிக்குள் ஏறினார்கள். ஒருவன் ஓட்டுநர், ஒருவன் கன்னர், மற்றவர்கள் பின்பக்கம் முழங்கால் இடிக்க உட்கார்ந்து, கதவு திறந்ததும் குதித்துப் பரவவேண்டும். கட்டாந்தரையில் படுத்து எதிரியைக் கண்ணால் தேடியவனுக்கு இனி வெளி உலகம் ஒரு சின்னக் கண்ணாடித் துளை. டீசல் வாசனையும் பாலைவன வெப்பமும் சேர்ந்த புதிய வாழ்க்கை. மையமும் வெலிங்டனின் குளிரிலிருந்து அகமத்நகருக்கு மாறியது. பதினைந்து ஆண்டு சர்வீஸ் ஆன நாயக்கும் ஹவில்தாரும் பழகிய கைகளுக்குப் புதிய வேலை கற்றுக்கொடுக்க வேண்டியிருந்தது. எதிர்ப்பு இல்லாமல் இருந்திருக்காது. மூத்த பட்டாலியனை இழப்பது ஒரு ரெஜிமெண்டுக்குச் சின்ன இழப்பல்ல.

ஆனால் இந்த முறை ஒன்றைச் சரியாகச் செய்தார்கள். 1-ஆவது பட்டாலியன், இயந்திரமயக் காலாட்படை என்று எழுதி, பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் 1 மதராஸ் என்றும் எழுதினார்கள். இன்றும் அப்படித்தான். எனக்கு அந்த இரண்டு வளைகோடுகள் மேல் பெரிய மரியாதை உண்டு. பழையது இப்போது உன் வேலையல்ல, ஆனால் அது இல்லாமல் நீ இல்லை என்பதை ஒரு ராணுவ நிர்வாகம் அதைவிடச் சுருக்கமாகச் சொல்லிவிட முடியாது. 1903-இல் திருச்சிப் பட்டாலியனுக்கு அப்படி ஓர் அடைப்புக்குறி கிடைக்கவில்லை.

ராஷ்ட்ரிய ரைபிள்ஸ் இதே ஏற்பாட்டின் இன்னொரு வடிவம். 1990-இல் எழுப்பப்பட்ட இந்தப் படைக்கென்று நேரடி ஆட்சேர்ப்பு கிடையாது. இருக்கிற எல்லோருமே வேறெங்கோ இருந்து வந்தவர்கள், சில ஆண்டுகளில் திரும்பப் போகிறவர்கள். பாதிப்பேர் காலாட்படை, மீதிப்பேர் பீரங்கிப்படை, பொறியியல், சிக்னல்ஸ் என்று ஏனைய பிரிவுகள். ஒவ்வொரு பட்டாலியனும் ஒரு பழைய ரெஜிமெண்டோடு இணைக்கப்பட்டிருக்கிறது. அதன் பெயர் அடைப்புக்குறிக்குள் வரும். காஷ்மீர் மலையேறுமுன் போர்ப்பள்ளியில் சில வாரம் மறுபயிற்சி. ரேடியோவோடு வாழ்ந்த சிக்னல்ஸ்காரன், இருட்டில் ஆப்பிள் தோட்டத்து வேலியை ஓசையில்லாமல் தாண்டப் பழகவேண்டும். ஒரு சுற்று ஆட்கள் போய் இன்னொரு சுற்று வந்துகொண்டே இருக்கும். நிரந்தரமான ஆள் ஒருவன்கூட இல்லாத பட்டாலியன் முப்பது ஆண்டுகளுக்கு மேலாகத் தன் குணத்தை இழக்காமல் நிற்கிறது. ஒரே ஆட்கள் வாழ்நாள் முழுக்கச் சேர்ந்திருந்தால்தான் பட்டாளம் பட்டாளமாக இருக்கும் என்ற நம்பிக்கையை இது அசைத்துப் பார்க்கிறது. சேர்ந்திருக்கப் போகும் காலம் குறைவு என்று தெரிந்தவர்களும் ஒருவருக்காக ஒருவர் சாகத் தயாராகிறார்கள்.

தாம்பரத்தில் வளர்ந்த மேஜர் முகுந்த் வரதராஜன் சென்னை அதிகாரிகள் பயிற்சி அகாடமியிலிருந்து 2006-இல் வெளிவந்தபோது அவருக்குக் கிடைத்தது 22 ராஜ்புத். தமிழ் பேசும் வீட்டுப் பிள்ளை, வடநாட்டுச் சிப்பாய்களின் அனுமான் முழக்கத்துக்குள் போனார். அதிகாரிகளுக்கு இது சகஜம்; சிப்பாயின் மொழியைக் கற்றுக்கொள்வது அவர்களுடைய முதல் வேலை. அங்கிருந்து 44 ராஷ்ட்ரிய ரைபிள்ஸுக்குப் போனார். அதன் அடைப்புக்குறிக்குள்ளும் ராஜ்புத் என்றுதான் இருக்கும். 2014 ஏப்ரல் 25 அன்று ஷோபியான் மாவட்டத்துக் காஜிபத்ரி கிராமத்தில் நடந்த மோதலில் அவர் இறந்தார். அவரோடு சிப்பாய் விக்ரம் சிங்கும் இறந்தார். அந்தப் பெயரை நாம் அவ்வளவாகச் சொல்வதில்லை. முகுந்துக்கு அசோக சக்ரா கிடைத்தது. ராஜ்புத் ரெஜிமெண்ட் அவரைத் தன்னவர் என்கிறது, ராஷ்ட்ரிய ரைபிள்ஸும் அப்படியே, தமிழ்நாடும் அப்படியே. மூன்றும் உண்மை. ஒருவனுக்கு ஒரு பட்டாளம்தான் சொந்தமாக முடியும் என்று நினைப்பவர்கள் இந்த ஒரு வாழ்க்கையைப் பார்த்தாலே போதும்.

அடைப்புக்குறிகூட இல்லாமல் மாறியவர்களும் உண்டு. 1947-இல் பத்து கூர்க்கா ரெஜிமெண்டுகளை இரண்டு நாடுகள் பிரித்துக்கொண்டபோது, நான்கு பிரிட்டனுக்கு, ஆறு இந்தியாவுக்கு என்று ஏற்பாடு. சிப்பாய்களிடம் விருப்பம் கேட்டார்கள். பிரிட்டனுக்குப் போகவேண்டிய 7-ஆவது, 10-ஆவது ரெஜிமெண்டுகளில் கிழக்கு நேபாளத்து ராய், லிம்பு சிப்பாய்களில் ஏராளமானோர் வரமாட்டோம் என்றார்கள். தங்கள் ரெஜிமெண்டின் பெயர், வெள்ளிப் பாத்திரங்கள், விருதுகள் எல்லாம் மறுபக்கம் போகும் என்று தெரிந்தே சொன்னார்கள். அவர்களை வைத்து 1948 ஜனவரி 1 அன்று 11-ஆவது கூர்க்கா ரைபிள்ஸ் எழுப்பப்பட்டது. மற்ற ரெஜிமெண்டுகள் நூறாண்டுக் கதைகளைச் சொல்லிக்கொண்டிருந்த காலத்தில், உண்டுவிட்டு உட்கார்ந்து பேச இவர்களுக்குத் தங்கள் பெயரில் ஒரு போர்கூட இல்லை. ஐம்பத்தோரு ஆண்டு கழித்து, 1999 ஜூலை 3 அன்று, கார்கிலின் காலூபாரில் அந்த ரெஜிமெண்டின் முதல் பட்டாலியனைச் சேர்ந்த கேப்டன் மனோஜ் குமார் பாண்டே பங்கர் பங்கராகத் தாக்கி இறந்து பரம் வீர் சக்ரா பெற்றார். போகமாட்டோம் என்று சொன்னவர்கள் கட்டிய வீட்டில் வளர்ந்தவர்.

இப்போது இந்தக் கேள்வி புதிய தலைமுறைக்கு முன்னால் நிற்கிறது. 2022 ஜூனில் அறிவிக்கப்பட்ட அக்னிபத் திட்டத்தில் சேர்ந்தவர்களுக்கு நான்கு ஆண்டு சர்வீஸ். அதன்பின் அவர்களில் 25 சதவீதம் வரைதான் பட்டாளத்தில் தொடரலாம். மற்றவர்களுக்கு மத்திய ஆயுதக் காவல் படைகளில் இட ஒதுக்கீடு அறிவித்திருக்கிறார்கள். நான்கு ஆண்டு போதுமா, திட்டம் நல்லதா என்ற வாதம் நடந்துகொண்டேயிருக்கிறது. என் கவலை அதைவிடச் சிறியது, ஆனால் எனக்கு அது முக்கியம். அந்தப் பையனும் வெலிங்டனில் முடி வெட்டிக்கொண்டவன்தான். அவனும் அதே முழக்கத்தைக் கத்தியவன், அதே யானையைச் சூடியவன். இதுவரை பட்டாளம் மாறியவர்களுக்கு வேறொரு பட்டாளம் காத்திருந்தது. இவனுக்குக் காத்திருப்பது ஒரு விமான நிலைய வாயிலாகவோ, தொழிற்சாலைக் காவலாகவோ இருக்கலாம். அங்கே புதிய உஸ்தாத் அவனை வரிசையில் நிறுத்தி முதலிலிருந்து ஆரம்பிப்பார். ஆரம்பிக்கட்டும், பாரா சிப்பாய்கள் தாங்கிக்கொண்டதை அவனும் தாங்கிக்கொள்வான். ஆனால் அவனுடைய புதிய பெயர்ப் பதிவில், எண்ணுக்குப் பக்கத்தில், முந்தைய பட்டாலியனின் பெயரையும் எழுதிவைக்க வேண்டும் என்று கேட்கிறேன். சம்பளத்துக்காக இல்லை, சலுகைக்காகவும் இல்லை. ஒரு பட்டாலியனுக்குச் செய்ய முடிந்ததை இருபத்திரண்டு வயதுப் பையன் ஒருவனுக்கும் செய்யலாம். அதற்கு ஆகும் செலவு இரண்டு வளைகோடுகளுக்கான மை.